வாங்குபவர் ஒருவர், உட்காருபவர் நாலு பேர்: போர்டு கேம் பதிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

போர்டு கேம்களை வடிவமைக்கும், அச்சிடும், விற்கும் அனைவருக்கும்,

வணக்கம்.

எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் விதி சொல்லிக்கொடுக்கும் வேலை என்னுடையது. யாரும் பார்த்துக் கொடுத்த பதவி இல்லை. பெட்டியை வாங்கியவன் தலையில் தானாக வந்து விழும் பொறுப்பு. அத்தை மகன்கள், அலுவலக நண்பர்கள், எதிர்வீட்டுக் கல்லூரி மாணவி, வங்கியிலிருந்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவர் என்று அன்றைக்கு யார் வருகிறார்களோ அவர்களை உட்காரவைத்து, முந்தின இரவு கண்விழித்துப் படித்ததைப் புரியும்படி சொல்லி, ஆட்டத்தை நகர்த்திவிட வேண்டும். அந்த இடத்திலிருந்து பார்க்கும்போது உங்கள் தொழிலில் ஒரு கோணல் தெரிகிறது. காசு கொடுத்துப் பெட்டியை வாங்குபவர் ஒருவர். விளையாட உட்காருபவர்கள் நாலைந்து பேர். நீங்கள் வர வர அந்த ஒருவரின் கண்ணைக் கவரத்தான் உழைக்கிறீர்கள். மீதிப் பேர் உங்கள் கணக்கில் வருவதே இல்லை.

தொடக்கத்தில் இப்படி இருக்கவில்லை. 1995இல் கிளவுஸ் டாய்பர் கட்டான் என்ற ஆட்டத்தைக் கொண்டுவந்தபோது, அடுத்தவர் முறை வரும்போது மற்றவர்கள் கொட்டாவி விடக்கூடாது என்பதற்கு அதில் வழி வைத்திருந்தார். யார் பகடை உருட்டினாலும் சரி, அந்த எண்ணுள்ள நிலத்தை ஒட்டி வீடு கட்டியிருக்கும் எல்லோருக்கும் மரமோ செங்கல்லோ கிடைக்கும். முறை யாருடையதோ அவரோடு மற்ற எல்லோரும் பேரம் பேசலாம். மோனோபொலியில் திவாலானவர் எழுந்துபோய் டிவி பார்க்க வேண்டியதுதான். கட்டானில் தோற்றுக்கொண்டிருப்பவர்கூடக் கடைசிவரை "என்கிட்ட ஒரு ஆடு இருக்கு, யாருக்கு வேணும்?" என்று கூவிக்கொண்டிருப்பார். 2010இல் அந்துவான் போசாவின் 7 வொண்டர்ஸ் இதை இன்னும் தூரம் கொண்டுபோனது. ஏழு பேரும் ஒரே நேரத்தில் ஒரு கார்டை எடுத்துக்கொண்டு மீதியைப் பக்கத்தில் இருப்பவரிடம் தள்ளிவிடுகிறார்கள். மூன்று பேர் ஆடினாலும் ஏழு பேர் ஆடினாலும் ஏறக்குறைய ஒரே நேரம்தான் பிடிக்கிறது. ஆண்டின் சிறந்த ஆட்டத்தைத் தேர்ந்தெடுக்கும் ஜெர்மனியின் ஷ்பீல் டெஸ் யாரெஸ் நடுவர் குழு 2011இல் ஓரளவு பழகிய ஆட்டக்காரர்களுக்கென்று புதிதாக ஒரு விருதைத் தொடங்கியபோது முதல் விருதை அதற்குக் கொடுத்தது. இந்த இரண்டையும் செய்தவர்கள் பெட்டியைச் சுற்றி உட்காரப்போகும் எல்லோரையும் மனதில் வைத்திருந்தார்கள் என்பது ஆடும்போதே தெரியும்.

பிறகு, பொருள் தயாராகும் முன்பே மக்களிடம் பணம் திரட்டும் இணையதளமான கிக்ஸ்டார்ட்டர் வந்தது. அதனால் நல்லதும் நடந்தது, மறுக்கவில்லை. பெரிய நிறுவனங்கள் திரும்பியும் பார்க்காத பல ஆட்டங்கள் அங்கேதான் பிறந்தன. ஆனால் இன்னும் அச்சுக்கே போகாத ஆட்டத்துக்கு, அதை ஒருமுறைகூட ஆடிப் பார்க்காதவரிடம் காசு வாங்க வேண்டும் என்றால் எதைக் காட்டுவீர்கள்? இரண்டு நல்ல வழிகளில் எதை விடுவது என்று தவிக்கும் தவிப்பைப் படம் எடுக்க முடியாது. பிளாஸ்டிக் பொம்மையை எடுக்கலாம். அதனால் பொம்மைகள் பெருத்தன. இன்னும் இவ்வளவு பணம் சேர்ந்தால் இன்னொரு அரக்கன், அதற்கு மேல் சேர்ந்தால் அரக்கனுக்கு ஒரு வாகனம். அந்த அரக்கனை உள்ளே விட்டால் ஆட்டம் என்ன ஆகும் என்று யாராவது உட்கார்ந்து ஆடிப் பார்த்தார்களா என்ற கேள்விக்கு அந்தப் பக்கத்தில் இடம் இருக்காது. என் அலமாரியில் ஒரு பெட்டி இருக்கிறது, பெயர் வேண்டாம். மூல ஆட்டத்தைவிட அதன் எக்ஸ்பான்ஷன்கள், அதாவது கூடுதல் இணைப்புகள், மூன்று மடங்கு இடத்தை அடைக்கின்றன. எதை எதோடு சேர்க்கக்கூடாது என்று சொல்லத் தனியாக ஒரு தாள் வந்திருக்கிறது. சேர்க்கக்கூடாது என்றால் எதற்கு ஐயா அனுப்பினீர்கள்?

பெருத்தால் என்ன ஆகும், இளைத்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரே வடிவமைப்பாளரிடம் இரண்டு சாட்சிகள் இருக்கின்றன. ஐசக் சில்ட்ரெஸின் குளூம்ஹேவன் 2017இல் வந்தது. பெட்டி சுமார் பத்து கிலோ. 95 அத்தியாயங்கள். ஒவ்வொரு முறையும் அறைகளுக்கான அட்டைத் துண்டுகளைத் தேடி, வரைபடத்தைப் பார்த்துப் பொருத்தி, எதிரிகளை எடுத்துவைத்து முடிப்பதற்குள் வந்தவர்கள் இரண்டாவது காபியும் குடித்துவிடுவார்கள். 2020இல் அதன் அடுத்த பாகமான ஃப்ராஸ்ட்ஹேவனுக்கு மக்கள் கிக்ஸ்டார்ட்டரில் ஏறக்குறைய 1.3 கோடி டாலர் கொட்டினார்கள். அதே ஆண்டில் அதே மனிதர் ஜாஸ் ஆஃப் தி லயன் என்று சின்னதாக ஒன்றைக் கடைகளுக்கு விட்டார். 25 அத்தியாயம்தான். அறைகளுக்கான அட்டைத் துண்டு எதுவும் கிடையாது, கதைப் புத்தகத்தைத் திறந்து அதன் பக்கத்தின் மேலேயே ஆட வேண்டும். முதல் ஐந்து அத்தியாயங்கள் விதிகளைக் கொஞ்சம் கொஞ்சமாக அவிழ்க்கின்றன. எங்கள் கூட்டம் கடைசிவரை ஆடி முடித்தது இதைத்தான். பெரிய பெட்டி கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. அதைக் குறை சொல்ல மாட்டேன், உள்ளே இருப்பது நல்ல ஆட்டம். ஆனால் அது என்னிடம் கேட்பது ஒரு மாலைப் பொழுதை அல்ல, ஒரு குடித்தனத்தை.

கனமான ஆட்டமே கூடாது என்று நான் சொல்வதாக நினைத்துவிடாதீர்கள். கோல் வேர்லும் ட்ரூ வேர்லும் 2022இல் வெளியிட்ட ஜான் கம்பெனியின் இரண்டாம் பதிப்பைச் சொல்லிக்கொடுக்க எனக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. ஆடி முடிக்க அரை நாள். ஆட்டக்காரர்கள் கிழக்கிந்தியக் கம்பெனிக்குள் பதவிக்கு முட்டி மோதும் ஆங்கிலக் குடும்பங்கள். வங்காளம், பம்பாய், சென்னை என்று மூன்று மாகாணங்கள். கம்பெனி நன்றாக நடப்பதைவிட, நம் குடும்பத்து ஆட்களை நல்ல மாளிகையில் ஓய்வுபெற வைப்பதில்தான் புள்ளி. லஞ்சம், சிபாரிசு, "இவனைச் சென்னைக்கு அனுப்பு, அவனுக்கு நான் அடுத்த முறை ஓட்டுப் போடுகிறேன்" என்ற பேரம். ஒரு வணிக நிறுவனம் எப்படி ஒரு நாட்டைத் தின்றது என்பதை எங்கள் வங்கிப் பெரியவர் அந்த மேசையில் விளங்கிக்கொண்ட அளவுக்கு நான் பள்ளிப் பாடத்தில் விளங்கிக்கொள்ளவில்லை. அந்தக் கனம் விதிகளில் இருக்கிறது, அதில் ஒவ்வொரு கிலோவும் வேலை செய்கிறது. பொம்மை ஒன்றுகூட இல்லை.

கதைக்களத்தைப் பற்றிப் பேச்சு வந்துவிட்டதால் அதையும் சொல்லிவிடுகிறேன். 2002இல் வந்த ஆன்ட்ரியாஸ் சேஃபார்ட்டின் புவேர்ட்டோ ரிக்கோ கணக்கு நுணுக்கத்தில் இன்றைக்கும் சோடை போகாத ஆட்டம். அதில் கரும்புத் தோட்டத்திலும் அவுரித் தோட்டத்திலும் வேலை செய்யக் கப்பலில் பழுப்பு நிற வட்டுகள் வந்து இறங்குகின்றன. விதிப்புத்தகம் அவர்களைக் "குடியேறிகள்" என்கிறது. எதிர்வீட்டு மாணவி முதல் சுற்றிலேயே கேட்டாள்: "இவங்களுக்குக் கூலி எங்க அண்ணா?" விதியில் பதில் இல்லை. 2022இல் அதே ஆட்டத்தைத் தீவு தன்னாட்சி பெற்ற 1897ஆம் ஆண்டுக்கு நகர்த்தி மறுபடி வெளியிட்டார்கள். கணக்கு கெடவில்லை, கேள்வி போய்விட்டது. இதற்கு இருபது ஆண்டு தேவைப்பட்டிருக்க வேண்டியதில்லை. எங்கள் ஊரைப் பற்றிய ஆட்டங்களும் உங்களிடம் நிறைய உண்டு. கோவா, ஜெய்ப்பூர், தாஜ்மகால். பெட்டியின் மேலே மசாலா, ஒட்டகம், அரண்மனை, உள்ளே வேறு எந்த ஊரின் பெயரைப் போட்டாலும் பொருந்தும் ஆட்டம். ஜெய்ப்பூர் இரண்டு பேருக்கு அருமையானது, அதை நான் யாருக்கும் இரவல்கூடத் தர மாட்டேன். ஆனாலும் சொல்கிறேன்: நாங்களும் இந்த மேசையைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறோம். பெட்டிப் படத்தில் மட்டும் அல்ல.

இதற்கு நேர் எதிராக ஒன்று. ஆர். எரிக் ராய்ஸின் ஸ்பிரிட் ஐலண்டில், 2017இல் வந்தது, ஆட்டக்காரர்கள் தீவைக் காக்கும் ஆவிகள். வந்தேறிகளை விரட்ட வேண்டும். வந்தேறிகளும் அவர்களுடைய ஊர்களும் வெள்ளைப் பிளாஸ்டிக். தீவின் மக்கள் மரத் துண்டுகள். பிளாஸ்டிக்கை இப்படிப் பயன்படுத்தினால் எனக்கு எந்த வழக்கும் இல்லை.

இனி என் சொந்த வேலைக்கு வருகிறேன்: விதிப்புத்தகம். உங்களில் பலர் இதைப் படிக்கப்போவது வாங்கியவர் ஒருவர்தான், அவர் எப்படியும் ஆர்வத்தில் படித்துவிடுவார் என்று நினைத்து எழுதுகிறீர்கள். முதல் பக்கத்தில் பாழடைந்த ஒரு சாம்ராஜ்யத்தின் கதை. அடுத்து இரண்டு பக்கம் பொருள்களின் பட்டியல். அப்புறம் அடுக்கிவைக்கும் முறை, இன்னும் எது எதற்கு என்றே தெரியாத நிலையில். யார் ஜெயிப்பார் என்பது பன்னிரண்டாம் பக்கத்தில். ஆட்டம் எப்போது முடியும் என்பது அதற்கும் பின்னால், ஒரு சாம்பல் நிறக் கட்டத்துக்குள். நான் பாயில் உட்கார்ந்து சொல்லும்போது இந்த வரிசையை அப்படியே தலைகீழாக்குகிறேன். எதற்காக ஆடுகிறோம், எப்போது முடியும், உன் முறை வந்தால் என்ன செய்யலாம். இந்த மூன்றும் தெரிந்தால்தான் மீதி விதி மனதில் ஒட்டும். ரைனர் க்னீட்சியாவின் டைக்ரிஸ் அண்டு யூஃப்ரட்டிஸில் (1997) எனக்கு ஒரு வாக்கியம் போதும்: "நாலு நிறத்திலும் புள்ளி சேர்க்கணும், கடைசியில் எந்த நிறம் குறைவோ அதுதான் உன் புள்ளி." இதைக் கேட்டவுடனேயே ஆளுக்கு ஆள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பலகையைப் பார்க்கத் தொடங்கிவிடுவார்கள். அந்த ஒரு வரியைப் புத்தகத்தின் முதல் வரியாகப் போட என்ன தடை?

எனக்குத் தெரிந்த இன்னொரு வழி, கேட்பவருக்கு ஏற்கெனவே தெரிந்த ஆட்டத்தில் தொடங்குவது. புரூனோ கத்தாலாவின் ஃபைவ் டிரைப்ஸை (2014) அத்தைக்குச் சொல்லிக்கொடுக்க "பல்லாங்குழி மாதிரி, ஒரு கட்டத்துல இருக்கிற எல்லாத்தையும் எடுத்து வழி நெடுக ஒண்ணொண்ணா போட்டுக்கிட்டே போகணும்" என்றால் போதும். அங்கே எடுப்பது சோழி அல்ல, மீப்பிள் எனப்படும் ஐந்து நிற ஆள் வடிவக் காய்கள். கடைசியாகப் போட்ட நிறத்துக்கு ஏற்ப வேலை நடக்கும். அவர் அடுத்து என்ன கேட்டார் தெரியுமா, "எதிராளிக்கு வழி விடாம எப்படி முடிக்கிறது?" அது அந்த ஆட்டத்தில் கேட்க வேண்டிய முதல் கேள்வி. ரூட் (2018) மாதிரி ஒவ்வொருவருக்கும் வேறு வேறு விதி இருக்கும் ஆட்டத்துக்கு ஆடுபுலி கை கொடுக்கும். மூன்று புலிக்கு ஒரு நியாயம், பதினைந்து ஆட்டுக்கு வேறு நியாயம் என்பதில் எங்களில் யாருக்கும் குழப்பம் இல்லை. நீங்கள் உங்கள் விதிப்புத்தகத்தில் பல்லாங்குழியை எழுத வேண்டும் என்று கேட்கவில்லை. சொல்லிக்கொடுப்பவருக்கென்று அரைப் பக்கம் ஒதுக்குங்கள். எதை முதலில் சொல்ல வேண்டும், எதை இரண்டாவது சுற்றுவரை சொல்லாமல் வைத்திருக்கலாம், புதியவர்கள் வழக்கமாக எங்கே தடுமாறுவார்கள் என்று. ஆட்டத்தை நூற்றுக்கணக்கான பேரிடம் சோதித்த உங்களுக்கு இது கட்டாயம் தெரியும். எங்களிடம் ஏன் மறைக்கிறீர்கள்?

பெட்டியின் முகப்பில் இருக்கும் எண்களையும் கொஞ்சம் பாருங்கள். "60 நிமிடம்" என்பது யாருடைய 60 நிமிடம்? ஏற்கெனவே நாலு முறை ஆடியவர்களுடையது. ஊவே ரோசன்பெர்க்கின் அக்ரிகோலாவில் ஆளுக்கு அரை மணி என்று கணக்கு. இரண்டு பேரா, நாலு பேரா என்று பெருக்கிப் பார்த்துக்கொள்ளலாம், நேர்மையான முறை. "1–5 பேர்" என்பதிலும் அந்த ஒன்று எப்படி நுழைந்தது என்று யோசித்திருக்கிறேன். தனியாக ஆடும் முறை பலருக்கு மெய்யாகவே பிடிக்கிறது, சரி. ஆனால் பல பெட்டிகளில் அது, வாங்கியவருக்கு ஆள் கிடைக்காது என்று நீங்களே முன்கூட்டி ஒப்புக்கொள்வதுபோல் படுகிறது. ஆள் கிடைக்கும்படி ஆட்டத்தைச் செய்யுங்கள் என்பதுதான் நான் கேட்பது.

கூட்டாக ஆடும் ஆட்டங்களில் இன்னொரு நோய் உண்டு. மேட் லீகாக்கின் பாண்டமிக் (2008) எங்களுக்குக் கூட்டு ஆட்டத்தைக் கற்றுக்கொடுத்த ஆட்டம். அதில் எல்லாத் தகவலும் எல்லோருக்கும் தெரியும் என்பதால், மூத்தவர் ஒருவர் "நீ இங்க போ, நீ அந்த கார்டை வை" என்று நாலு பேர் ஆட்டத்தையும் தானே ஆடிவிடுவார். எங்கள் கூட்டத்தில் அந்த மூத்தவர் யார் என்று சொன்னால் அடுத்த வாரம் எனக்குக் காபி கிடைக்காது. தாமஸ் ஸிங் 2019இல் தி க்ரூவில் வாயைக் கட்டிப் போட்டார். உன் கையில் இருப்பதைப் பற்றிப் பேசக்கூடாது, ஒரு கார்டை மட்டும் காட்டிச் சின்னதாகக் குறிப்புக் கொடுக்கலாம். வோல்ஃப்காங் வார்ஷின் தி மைண்டில் (2018) அதுகூடக் கிடையாது. ஒன்று முதல் நூறு வரை எண் போட்ட கார்டுகள், பேசாமல், சைகை காட்டாமல் ஏறுவரிசையில் போட வேண்டும். கேட்டால் இது ஒரு ஆட்டமா என்று தோன்றும். ஆடினால் அறையே மூச்சைப் பிடித்துக்கொள்ளும். இவை இரண்டும் ஒரு கையில் அடங்கும் பெட்டிகள். செய்ஜி கனாயின் லவ் லெட்டர் 2012இல் வெறும் 16 கார்டுகளோடு வந்தது. கெய் கஜினோவின் ஸ்கவுட்டில் கையில் வந்த வரிசையை மாற்றவே கூடாது என்ற ஒரே தடைதான் மொத்த ஆட்டமும். இவற்றை விற்று உங்களுக்கு என்ன லாபம் கிடைக்கும் என்று கேட்கிறீர்களா? என்னைக் கேட்டால், எங்கள் வீட்டில் இவற்றை ஆடிவிட்டுப் போனவர்கள்தான் பிறகு தாங்களே போய் வாங்கினார்கள். பெரிய பெட்டியை ஆடிவிட்டுப் போனவர்கள் "நல்லா இருந்துச்சு, நீதான் வச்சிருக்கியே" என்றார்கள்.

சில்லறை விஷயங்கள் சில இருக்கின்றன. உங்கள் ஊரில் இவை தோன்றாமல் இருக்கலாம்.

எங்கள் வீடுகளில் சாப்பாட்டு மேசை இருந்தால் அதில் நாலு தட்டு வைக்கலாம், உங்கள் பலகையை வைக்க முடியாது. அதனால் பாய் விரித்துத் தரையில் ஆடுகிறோம். மேலே ஃபேன் ஓடும். சித்திரை வெயிலில் அதை நிறுத்தச் சொன்னால் கூட்டம் கலைந்துவிடும். ஃப்ரீடமன் ஃப்ரீஸாவின் பவர் கிரிட் (2004) எனக்கு மிகப் பிடித்த ஆட்டங்களில் ஒன்று. பின்தங்கியவருக்கு நிலக்கரியும் எண்ணெயும் மலிவாகக் கிடைக்கும்படி முறையைத் திருப்பிப்போட்ட அழகுக்காகவே அதைப் பாராட்டலாம். அதன் காகிதப் பணம் ஃபேன் காற்றில் சமையலறைவரை போகிறது. நாங்கள் கேரம் காயை எடுத்து அதன்மேல் வைத்து ஆடுகிறோம். பிறகு கடற்கரை ஊரின் ஈரக்காற்று. இரண்டு மழைக்காலம் கண்ட கார்டு படகுபோல் வளைந்துவிடும். ஸ்லீவ் என்ற பிளாஸ்டிக் உறை போட்டால் தப்பிக்கும், ஆனால் வழக்கமான 63×88 மில்லிமீட்டரை விட்டுவிட்டு உங்கள் விருப்பத்துக்கு ஓர் அளவில் கார்டு வெட்டினால் இங்கே அதற்கு ஸ்லீவ் கிடைப்பதில்லை. அதோடு, ஆண்களில் ஏறக்குறைய பன்னிரண்டு பேரில் ஒருவருக்குச் சிவப்பு, பச்சை வேறுபாட்டில் சிக்கல் உண்டு. டிக்கெட் டு ரைடில் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு சின்னமும் சேர்த்து வைத்தார்கள், ஒரு பைசா கூடுதல் செலவில்லை. எங்கள் கூட்டத்தில் அப்படி ஒருவர் இருக்கிறார். சில ஆட்டங்களை அவருக்காகவே நாங்கள் எடுப்பதில்லை.

மொழியைப் பற்றிக் கடைசியாக. அத்தைக்கு ஆங்கிலம் வாசிக்க வராது. அப்படியிருந்தும் மிஹாயெல் கீஸ்லிங்கின் அசூலை (2017) அவர் எங்கள் எல்லோரையும்விட நன்றாக ஆடுகிறார், அதில் வாசிக்க எதுவுமே இல்லை. ஆனால் கார்டுதோறும் ஆங்கிலத்தில் மூன்று வரி இருக்கும் ஆட்டத்தில் அவரால் உட்கார முடியாது. ஒவ்வொரு கார்டையும் காதில் சொன்னால் இரகசியம் போய்விடும். ஒற்றைச் சொல் குறிப்பை வைத்துத் தன் அணியின் சொற்களைக் கண்டுபிடிக்கும் கோட்நேம்ஸை நாங்களே தமிழாக்கிக்கொண்டோம். விளாடா க்வாட்டில் 2015இல் செய்த அந்த ஆட்டத்துக்குத் தேவை 25 சொற்களும், எந்தச் சொல் எந்த அணிக்கு என்று காட்டும் ஒரு கட்டப்படமும்தான். பழைய அழைப்பிதழ்களின் பின்பக்கத்தை வெட்டி ஆறு, மாலை, படி, திங்கள், கால் என்று எழுதிவைத்தோம். ஒரு சொல்லுக்கு நாலு பொருள் இருந்தால் அந்த ஆட்டம் எப்படிக் களைகட்டும் என்று உங்களுக்கே தெரியும். ஆங்கிலப் பதிப்பில் வாய் திறக்காமல் இருந்தவர்கள் அன்றைக்குக் குறிப்புச் சொல்லச் சண்டை போட்டார்கள்.

தமிழில் பெட்டி அச்சிடுங்கள் என்று நான் கேட்கவில்லை. அந்தக் கணக்கு உங்களுக்குக் கட்டுப்படியாகாது என்று தெரியும். விதிப்புத்தகத்தின் எழுத்தை மட்டும், படமும் அலங்காரமும் இல்லாமல், திருத்தக்கூடிய கோப்பாகக் கொடுங்கள். கார்டுகளின் வாசகத்தையும் அப்படியே. மொழிபெயர்த்து எல்லோரும் எடுத்துக்கொள்ளும்படி வைக்க ஒரு வரி அனுமதி எழுதிக் கொடுங்கள். மொழிபெயர்க்க இங்கே ஆள் இருக்கிறது, கூலி வேண்டாம். என்னிடமே கையெழுத்தில் சில ஆட்டங்களின் விதிச்சுருக்கம் தமிழில் தயாராக இருக்கிறது. அனுமதி வந்தால் தட்டச்சு செய்து அனுப்புகிறேன். முதலில் அசூல், அடுத்து பவர் கிரிட். ஜான் கம்பெனிக்கு மட்டும் கொஞ்சம் அவகாசம் கொடுங்கள்.

இப்படிக்கு,
விதி சொல்பவன்